கேம் ரீஃபண்ட்: வாங்குபவர் கேட்கும் முறை, சிறு டெவலப்பர் தாங்கும் முறை

2015 ஜூன் 2-ஆம் தேதி, கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீம் எல்லா கேம்களுக்கும் ரீஃபண்டைத் திறந்துவிட்டது. வாங்கி 14 நாள் தாண்டக் கூடாது, ஆடிய நேரம் 2 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் எந்தக் காரணமானாலும் பணம் திரும்பும். அதே மாதம் பேட்மேன்: ஆர்க்கம் நைட்டின் கணினிப் பதிப்பு படுமோசமான நிலையில் வெளியாகி, விற்பனையே நிறுத்தப்பட்டது. ரீஃபண்ட் இல்லாதிருந்தால் வாங்கியவர்கள் பேட்ச் (பிழைகளைத் திருத்தும் புதுப்பிப்பு) வரும்வரை கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

2021 ஆகஸ்டில் அதே விதியின் மறுபக்கம் தெரிந்தது. சம்மர் ஆஃப் '58 என்ற குறுந்திகில் கேமை வெளியிட்ட எமிகா கேம்ஸ், ரிவ்யூக்கள் நன்றாக இருந்தும் கேம் 2 மணி நேரத்துக்குள் முடிவதால் ஏராளமானோர் பணத்தைத் திரும்ப வாங்கிவிட்டதாகச் சொல்லி, கேம் உருவாக்குவதைக் காலவரையின்றி நிறுத்துவதாக அறிவித்தது.

இந்த இரண்டையும் ஒரே விதிதான் செய்கிறது. ஆகவே விதியைக் கூட்டிக் குறைத்துச் சண்டை போடுவதில் பெரிய பயனில்லை. முழுதாக ஆடி முடித்து, ரசித்துவிட்டு, பணத்தையும் திரும்பக் கேட்பது ஒன்றுதான் இதில் அநியாயம். மற்ற எல்லாமே வாங்கியவரின் உரிமை. டெவலப்பர் செய்ய வேண்டியது, தவறான ஆள் தன் கேமைத் தவறி வாங்குவதைக் குறைப்பது. இரு தரப்புக்கும் தனித்தனியாகப் பார்க்கலாம்.

வாங்குபவருக்கு

ரீஃபண்ட் கைவிட்டுப் போவது பெரும்பாலும் தள்ளுபடிக் காலத்தில்தான். விலை குறைந்திருக்கிறதே என்று எட்டுப் பத்து கேம்களை வாங்கி நூலகத்தில் போட்டுவிடுகிறோம். திறந்து பார்க்கும்போது 14 நாள் கடந்திருக்கும். ஒரு நிமிடம்கூட ஆடவில்லை என்றாலும் அந்த 14 நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். எனவே இரண்டு வாரத்துக்குள் திறக்கப்போகும் கேமை மட்டும் வாங்குங்கள். மற்றவை விஷ்லிஸ்ட்டிலேயே கிடக்கட்டும்.

வாங்கியதும் முதல் 2 மணி நேரத்தைச் சோதனை நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். கடை கணக்கிடுவது நிரல் ஓடும் நேரத்தை. மெனுவில் நிறுத்தி வைத்துச் சாப்பிடப் போனாலும் அது ஏறும். கேமைத் தொடங்கிவைக்கும் தனிச் சாளரமான லாஞ்சர் திறந்திருந்தாலும், முதல் முறை ஷேடர் (காட்சியை வரையும் சிறு நிரல்கள்) தொகுக்கப்படும்போதும் ஏறும். கிராஷ் ஆகும் கேமை ஒவ்வோர் அமைப்பாக மாற்றி மூன்று மணி நேரம் சரிபார்த்துவிட்டுப் பிறகு ரீஃபண்ட் கேட்டால், தானியங்கி முறை மறுத்துவிடும். இப்படிச் செய்யலாம்:

1. தரவிறக்கிய அன்றே ஒருமுறை திறந்து, திரை அளவு, ஒலி, வசன எழுத்து, கன்ட்ரோலர் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று 10 நிமிடத்தில் பார்த்துவிட்டு மூடுங்கள்.
2. அடுத்த அமர்வில் 40 முதல் 60 நிமிடம் தொடர்ந்து ஆடுங்கள். டுடோரியல் தாண்டி உண்மையான ஆட்டம் தொடங்கியிருக்க வேண்டும்.
3. 90 நிமிடத்தில் முடிவெடுங்கள். வேண்டாமென்றால் அங்கேயே நிறுத்துங்கள். மிச்ச அரை மணி நேரம் எதிர்பாராத கிராஷுக்கும் மறதிக்கும்.
4. பக் (பிழை) இருக்கிறது, ஆனால் கேம் பிடித்திருக்கிறது என்றால் அதை மூடி வைத்துவிட்டு 10-ஆம் நாள் வரை பேட்சுக்குக் காத்திருங்கள். மூடி வைத்தால் மணி ஏறாது. நாள் ஏறும் என்பதால் அலாரம் வையுங்கள்.

ரீஃபண்ட் கேட்க ஸ்டீமின் உதவிப் பக்கத்தில் உங்கள் கொள்முதல் பட்டியலைத் திறந்து, கேமைத் தேர்ந்தெடுத்து, ரீஃபண்ட் வேண்டும் என்ற தெரிவை அழுத்த வேண்டும். பணம் வாலெட்டுக்கா, செலுத்திய வழிக்கா என்று கேட்கும். வாலெட்டுக்குச் சீக்கிரம் வரும். கார்டு அல்லது வங்கிக்கு என்றால், ஒப்புதலான பின் ஒரு வாரம் வரையும், வெளிநாட்டுப் பரிவர்த்தனையில் சற்றுக் கூடுதலாகவும் ஆகலாம். அதற்கடுத்து வரும் காரணப் பட்டியலையும் குறிப்புப் பெட்டியையும் பலர் ஏதோ ஒன்றை அழுத்திக் கடந்துவிடுகிறார்கள். அந்தக் குறிப்பு உங்கள் பெயர் இல்லாமல் டெவலப்பருக்குப் போய்ச் சேர்கிறது. “வேலை செய்யவில்லை” என்பதைவிட “இரண்டாம் நிலையின் கதவைத் திறந்தால் ஒவ்வொரு முறையும் கிராஷ், 8 ஜிபி நினைவகம்” என்று எழுதினால், பணமும் திரும்பும், அடுத்தவர் வாங்கும் முன் பக்கும் போகும்.

சில நுணுக்கங்கள் அடிக்கடி காலை வாரும். டிஎல்சி (கேமுக்குத் தனியே விற்கும் கூடுதல் உள்ளடக்கம்) வாங்கிய பின் மூல கேமை 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால்தான் அந்த டிஎல்சிக்கு ரீஃபண்ட். உள்ளடக்கத்தைப் பயன்படுத்தித் தீர்த்திருந்தால் இல்லை. தொகுப்பாக வாங்கினால் அதிலுள்ள கேம்கள் அனைத்தின் ஆட்ட நேரமும் சேர்ந்து 2 மணிக்குள் இருக்க வேண்டும். முன்பதிவை வெளியீட்டுக்கு முன் எப்போதும் ரத்து செய்யலாம். ஆனால் கூடுதல் பணம் கொடுத்துச் சில நாள் முன்னதாகவே ஆடும் பதிப்புகளில், 2024 ஏப்ரல் முதல் அந்த முன்கூட்டிய நேரமும் கணக்கில் சேர்கிறது. அதற்கு முன்பு, வெளியீட்டு நாளுக்குள் கதையையே முடித்துவிட்டு ரீஃபண்ட் வாங்கும் ஓட்டை திறந்தே கிடந்தது. ஏமாற்று மென்பொருளுக்காக விஏசி (ஸ்டீமின் ஏமாற்றுத் தடுப்பு முறை) தடை வாங்கிய கேமுக்கு ரீஃபண்ட் கிடையாது. வெளியில் வாங்கிய சாவிக்கும் (ஸ்டீமில் கேமைச் சேர்த்துக்கொள்ளும் குறியீடு) ஸ்டீம் பொறுப்பேற்காது.

வரம்பு தாண்டினாலும் விண்ணப்பிக்கலாம். பரிசீலிப்பதாகவே ஸ்டீம் சொல்கிறது. விதியைத் தளர்த்திய சந்தர்ப்பமும் உண்டு. தி டே பிஃபோர் என்ற கேம் 2023 டிசம்பர் 7-இல் வெளியாகி, நான்கே நாளில் அதன் நிறுவனம் மூடப்படுவதாக அறிவித்தபோது, ஆடிய நேரம் பாராமல் பணம் திருப்பித் தரப்பட்டது. சாதாரண ஏமாற்றத்துக்கு அந்தத் தளர்வை எதிர்பார்க்க வேண்டாம்.

உருவாக்கம் முடியும் முன்பே விற்கப்படும் ஏர்லி ஆக்சஸ் கேம்களுக்கும் அதே 14 நாள், 2 மணி. ஒரு வருடம் கழித்து டெவலப்பர் பாதியில் விட்டுவிட்டால் விதிப்படி பணம் வராது. அதனால் வரப்போகும் அம்சங்களின் பட்டியலை நம்பி வாங்காமல், இன்றைக்கு இருக்கும் கேமுக்கு இந்த விலை தகுமா என்று மட்டும் பாருங்கள். 2025 முதல் நீண்ட காலம் புதுப்பிக்கப்படாத ஏர்லி ஆக்சஸ் கேம்களின் பக்கத்தில், கடைசிப் புதுப்பிப்பு எத்தனை மாதத்துக்கு முன் வந்தது என்ற எச்சரிக்கையை ஸ்டீமே காட்டுகிறது.

எது வரை நியாயம்

பிடிக்கவில்லை, தலை சுற்றுகிறது, கணினி தாங்கவில்லை, படத்தில் பார்த்தது வேறு, மாறி வாங்கிவிட்டேன் என்று எதுவாக இருந்தாலும் தயங்காமல் கேளுங்கள். சிறிய டெவலப்பர் ஆயிற்றே என்று பிடிக்காத கேமை வைத்துக்கொள்ள வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. வாங்கிய மூன்றாம் நாளே தள்ளுபடி வந்தால், திருப்பிக் கொடுத்துவிட்டுக் குறைந்த விலையில் மறுபடி வாங்குவதையும் முறைகேடாகக் கருதுவதில்லை என்று ஸ்டீம் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது.

80 நிமிடக் கேமை இறுதிப் பெயர்ப் பட்டியல் வரை பார்த்துவிட்டுத் திருப்பிக் கேட்பதை விதி தடுக்காது; ஆனால் விதி அதற்காக எழுதப்பட்டதும் இல்லை. “ரீஃபண்ட் இலவச கேமுக்கான வழி அல்ல” என்ற பொருளில் கடையே சொல்கிறது. பழக்கமாகச் செய்பவருக்கு அந்த வசதியை நிறுத்தவும் செய்கிறது. முடித்த கேம் ஏமாற்றமாக இருந்தால் ரிவ்யூ எழுதுங்கள். நீளம் போதவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். அடுத்தவருக்கு அது உதவும்.

வங்கியில் புகார் செய்து பணத்தை இழுக்கும் சார்ஜ்பேக்கைக் கடைசி வழியாக மட்டும் வைத்திருங்கள். கடை உங்கள் கணக்கையே முடக்கலாம். நேரடியாக விற்கும் டெவலப்பருக்கு விற்ற பணம் போவதோடு, ஒவ்வொரு தகராறுக்கும் கட்டணம் தனியாக விழும். அடிமட்ட விலைக்குச் சாவி விற்கும் மறுவிற்பனைத் தளங்களைத் தவிர்க்கச் சொல்வதும் இதனால்தான். திருட்டு கார்டில் வாங்கிய சாவிகள் அங்கே புழங்குகின்றன. கார்டின் உண்மையான சொந்தக்காரர் புகார் செய்யும்போது அடி விழுவது டெவலப்பர் தலையில். அங்கே வாங்குவதைவிடத் திருட்டுப் பிரதியை இறக்கிக்கொள்ளுங்கள் என்று சிறு டெவலப்பர்கள் சிலர் வெறுத்துப்போய்ச் சொன்னதும் உண்டு.

மற்ற கடைகள்

எபிக்கிலும் 14 நாள், 2 மணி நேரம்தான். ஜிஓஜி 2020 பிப்ரவரி முதல் 30 நாள் தருகிறது, ஆடியிருந்தாலும். நகல் தடுப்பு இல்லாத கேம்களை இவ்வளவு தாராளமாகத் திருப்பி வாங்குவது முழுக்க நம்பிக்கையின் பேரில்தான். பிளேஸ்டேஷன் ஸ்டோரில் 14 நாள் உண்டு, ஆனால் தரவிறக்கம் தொடங்கிவிட்டால், கேம் பழுதாக இருந்தாலொழிய, உரிமை போய்விடும். வாங்கியதும் கன்சோல் தானாக இறக்கிக்கொள்ளும் அமைப்பை முதலில் அணைத்து வையுங்கள். எக்ஸ்பாக்ஸில் 14 நாளுக்குள், அதிக நேரம் ஆடாதிருந்தால் கேட்கலாம். நின்டெண்டோ இ-ஷாப்பில் வாங்கியது பொதுவாக வாங்கியதுதான். டெமோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

டெவலப்பருக்கு

ஸ்டீமில் ரீஃபண்டை நீங்கள் மறுக்க முடியாது, அணைக்க முடியாது, யார் கேட்டார் என்றும் தெரியாது. எனவே முதலில் பணக் கணக்கைச் சரியாகப் போடுங்கள். 10 டாலர் விலையில் 1,000 பிரதி விற்றால், கடையின் 30 சதவீதம் போக, வரிக்கு முன் 7,000 டாலர். அதில் 120 பேர் திருப்பினால் மிஞ்சுவது 880 பிரதிக்கான 6,160. சிக்கல் தொகையில் மட்டுமில்லை, தேதியிலும் இருக்கிறது. 25-ஆம் தேதி வெளியிட்டால் அந்த மாத அறிக்கையில் முதல் வார விற்பனை முழுதாகத் தெரியும். இரண்டாம் வாரத்து ரீஃபண்டுகள் அடுத்த மாதத்தில்தான் கழியும். முதல் அறிக்கையை நம்பி யாருக்கும் சம்பளம் வாக்குக் கொடுக்காதீர்கள். மாதத்தின் முதல் வாரத்தில் வெளியிட்டால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் அந்த மாதத்துக்குள்ளேயே அடங்கும்.

அடுத்து ஸ்டோர் பக்கம். “எதிர்பார்த்தது வேறு” என்ற காரணம் இங்கேதான் பிறக்கிறது. டிரெய்லரின் முதல் 10 நொடியில் நிஜ ஆட்டம் தெரிய வேண்டும். நிறுவனச் சின்னமும் சினிமாக் காட்சியும் பின்னால் வரட்டும். படங்களில் ஆடும்போது திரையில் இருக்கும் எழுத்தும் அளவீடுகளும் அப்படியே இருக்கட்டும். கேமில் இல்லாத மொழியில் பக்கத்தை மட்டும் மொழிபெயர்த்து வைத்தால், அந்த மொழிக்காரர்கள் வாங்கி, திறந்து, உடனே திருப்புவார்கள். ஒருவர் ஆடும் கேமா, பலர் ஆடும் கேமா, இணையம் கட்டாயமா, கன்ட்ரோலர் வேண்டுமா என்பதெல்லாம் விளக்கத்தின் முதல் சில வரிகளில் வந்துவிட வேண்டும். குறைந்தபட்சத் தேவை என்று போடும் கணினியில் நீங்களே 2 மணி நேரம் ஆடிப் பாருங்கள். ஊகத்தில் எழுதிய தேவைப் பட்டியல் நேரே ரீஃபண்டாகத் திரும்பி வரும்.

கேமின் முதல் அரை மணி நேரம் இன்னும் முக்கியம். வாங்கியவரின் 2 மணி நேரத்தில் ஒரு பகுதியை நீங்களே தின்றுவிடக் கூடாது. தனி லாஞ்சர் தேவையில்லை என்றால் எடுத்துவிடுங்கள். ஷேடர் தொகுப்பு 15 நிமிடம் ஆகிறது என்றால், முன்னேற்றத்தைச் சதவீதத்தில் காட்டுங்கள். முடிந்தால் பின்னணியில் ஓடவிடுங்கள். தாண்ட முடியாத அறிமுகக் காட்சி வேண்டாம். பார்வைக் கோணம், கேமரா அசைவு, வசன எழுத்தின் அளவு, விசை மாற்றம் ஆகிய நான்கும் ஆட்டம் தொடங்கும் முன்பே மெனுவில் கிடைக்க வேண்டும். கதாபாத்திரத்தின் கண்வழியே ஆடும் (ஃபர்ஸ்ட்-பெர்சன்) கேம்களில் தலைசுற்றலால் 10 நிமிடத்தில் வெளியேறுபவர் குறிப்பு எழுதக்கூட உட்கார மாட்டார்.

2 மணி வரம்பைத் தாண்டவைக்க வேண்டும் என்பதற்காகவே நடையை மெதுவாக்குவது, வெற்றுத் தூரம் நடக்கவிடுவது, அமைப்புகளை மறைப்பது எல்லாம் எதிர்விளைவைத்தான் தரும். சலிப்பில் 40-ஆவது நிமிடத்திலேயே திருப்பிவிடுவார்கள்; “வேண்டுமென்றே இழுக்கிறது” என்ற ரிவ்யூ மட்டும் நிலைத்து நிற்கும்.

உண்மையிலேயே 90 நிமிடக் கேம் என்றால் செய்யக்கூடியவை:

- விளக்கத்தின் முதல் பத்தியிலேயே “ஒருமுறை முடிக்க 80 முதல் 100 நிமிடம்” என்று எழுதுங்கள். நீளத்தால் ஏமாறுபவர் வாங்கவே மாட்டார்.
- 15 முதல் 20 நிமிட டெமோ கொடுங்கள். 2024 ஜூலை முதல் டெமோவுக்குத் தனிப் பக்கமும் தனி ரிவ்யூவும் வைத்துக்கொள்ள முடிகிறது. டெமோவின் சேமிப்பு முழு கேமுக்கு நகர வேண்டும். இல்லையென்றால் அதே 20 நிமிடத்தைத் திரும்ப ஆட வைத்துக் கடுப்பேற்றுவீர்கள்.
- இரண்டாம் முறை ஆட உண்மையான காரணம் கொடுங்கள்: மாற்று முடிவு, கடினமான முறை, உருவாக்கியவர் உரை. இவை முதல் ஆட்டத்தைத் தொடக் கூடாது.
- மூன்று குறுங்கேம்கள் இருந்தால் தொகுப்பாகவும் விற்கலாம். கூட்டு நேரம் 2 மணி என்ற விதி அங்கே உங்களுக்குச் சாதகம்.
- இறுதிப் பெயர்ப் பட்டியலில், எத்தனை பேர் சேர்ந்து செய்தது, அடுத்து என்ன வருகிறது என்று ஒரு வரி போதும். கெஞ்சலும் குற்றஉணர்வூட்டலும் காசு கொடுத்தவரை எரிச்சலாக்கும்.

விலையைக் குறைப்பதை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. முடித்துவிட்டுத் திருப்பும் பழக்கமுள்ளவர் 3 டாலரையும் திருப்புவார். நேர்மையாக வைத்துக்கொள்பவரிடமிருந்து வரும் வருமானம்தான் குறையும்.

வெளியான பிறகு ஸ்டீம்வொர்க்ஸில் (டெவலப்பர்களுக்கான ஸ்டீமின் தளம்) ரீஃபண்ட் காரணங்களையும் குறிப்புகளையும் முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் ஒருமுறை படியுங்கள். கிராஷ், கணினி தாங்கவில்லை, எதிர்பார்த்தது வேறு, கடினம், பிடிக்கவில்லை, தவறுதலாக வாங்கியது என்று பிரித்து எண்ணுங்கள். கடைசி இரண்டுக்கும் செய்ய ஒன்றுமில்லை, மனதை விட்டு எடுத்துவிடுங்கள். கிராஷ் கூடினால் பேட்ச். “எதிர்பார்த்தது வேறு” கூடினால் கேமைத் தொடாமல் ஸ்டோர் பக்கத்தைத் திருத்துங்கள். மொத்த விகிதத்தை இன்னொருவர் கேமோடு ஒப்பிட்டுப் புண்படுவதில் பயனில்லை. வகையும் விலையும் வேறுவேறு. உங்கள் கேமிலேயே பேட்சுக்கு முந்திய வாரம், பிந்திய வாரம் என்று ஒப்பிடுங்கள். ஆட்ட நேரப் பரவலையும் அருகில் வைத்துப் பாருங்கள். நிறையப் பேர் 20 நிமிடத்துக்குள் நின்றுவிட்டால் சிக்கல் தொடக்கத்தில். 30-ஆவது நிமிடத்தில் ஒரு சாதனைப் பதக்கமும், இறுதியில் ஒன்றும் வைத்தால், எத்தனை சதவீதம் பேர் முடிக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும். எல்லோரும் முடித்துவிட்டுத் திருப்புகிறார்கள் என்ற அச்சத்தைப் பேசும் முன் அந்த எண்ணைப் பார்ப்பது நல்லது.

பெரிய பக் வெளிவந்தால் 24 மணி நேரத்துக்குள் அறிவிப்பு போடுங்கள்: என்ன பழுது, யாரைப் பாதிக்கும், எந்தத் தேதிக்குள் பேட்ச், அதுவரை தற்காலிக வழி என்ன. 14 நாள் கையில் இருப்பவர்கள் தேதி தெரிந்தால் காத்திருப்பார்கள். “விரைவில்” என்று போட்டால் திருப்பிவிடுவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

கடைக்கு வெளியே நேரடியாக விற்றால்

இங்கே விதி எழுதுவது நீங்கள், சட்டத்துக்கு உட்பட்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் இணைய விற்பனைக்கு 14 நாள் விலகும் உரிமை உண்டு. தரவிறக்கம் தொடங்கினால் அது போய்விடும் என்பதை வாங்குபவர் முன்கூட்டியே ஒப்புக்கொண்டால் மட்டுமே அந்த உரிமை முடியும். ஆனால் கேம் பழுது என்றால் அந்த ஒப்புதல் உங்களைக் காப்பாற்றாது. பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம், டிஜிட்டல் பொருள் தரமாகவும் விளக்கியபடியும் இருக்க வேண்டும் என்கிறது. இல்லாவிட்டால் முதலில் பழுதுநீக்கம், அது ஆகாவிட்டால் விலைக்குறைப்பு. ஆஸ்திரேலியாவில் ரீஃபண்டே கிடையாது என்று பழைய விதிகளில் எழுதி வைத்திருந்ததற்காக ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்துக்கே 2016-இல் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்தது. “எந்நிலையிலும் பணம் திருப்பித் தரப்படாது” என்ற வரியை உங்கள் தளத்திலிருந்து இன்றே எடுத்துவிடுங்கள்.

அதற்குப் பதில் இப்படி வைக்கலாம்: “வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், முழுப் பணமும் திரும்பும். காரணம் கேட்போம், சொல்லாவிட்டாலும் தருவோம். கேம் உங்கள் கணினியில் இயங்கவே இல்லை என்றால் நேர வரம்பு பொருந்தாது. பிழைப் பதிவுக் கோப்பை மட்டும் அனுப்புங்கள். மூன்று வேலை நாளுக்குள் பதில் வரும்.”

ஸ்டீம் சாவியாக விற்றிருந்தால் வரிசை முக்கியம். முதலில் ஸ்டீம்வொர்க்ஸில் அந்தச் சாவி பயன்படுத்தப்பட்டுவிட்டதா என்று தேடிப் பாருங்கள். பிறகு அதை முடக்குங்கள். அதன் பின்பே பணத்தைத் திருப்புங்கள். பணம் அதே பரிவர்த்தனை வழியாகவே போக வேண்டும். வாங்கியவர் வேறு கணக்கு எண் கொடுத்து அங்கே அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள். தனியாக அனுப்பிய பணம் கட்டண நிறுவனத்தின் பதிவில் ரீஃபண்டாக இருக்காது. பின்னால் அதே வாங்குதலுக்கு ஒரு சார்ஜ்பேக் வந்தால் இரண்டாம் முறையும் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும்.